ரேவதி நட்சத்திரத்துக்கு ஒரு வெடி

ஞானம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் போனில் எண்ணிக்கொண்டிருந்தேன். காரோடு ஊரில் எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் வந்தால் உண்டு. எதிரில் பேசுவது கேட்காவிட்டால் "ஹலோ, செக், ஒன், டூ, த்ரீ" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். இருபது வருடம் மைக் செட்டில் நின்றவனின் சீக்கு அது. அண்ணன் மனைவி மேரி அக்கா மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் நான் எண்ணியிருக்கிறேன். கடைசியில்தான் காதில் விழுந்தது. "சுகு, எண்ணாத மக்கா. அண்ணன் போயிட்டாரு."

ஞானசிகாமணி என்ற முழுப்பெயரை அவருடைய ஆம்ப்ளிபையர் பெட்டியின் மேல் நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். செட் அவருடையது. மரத்தில் ஏறிக் கோளாம்பி ஒலிபெருக்கியைக் கட்டுவது என் வேலை. பத்தாம் வகுப்பில் தோற்ற எனக்கு வாழ்க்கையில் கிடைத்த உயர்ந்த இடம் அந்தப் பலாமரக் கொம்புதான். கோயில் உற்சவம், சர்ச் கன்வென்ஷன் இரண்டுக்கும் நாங்களே போவோம். ஒரு கன்வென்ஷனில், பெரிய பிரசங்கியார் பேசி முடித்து எல்லாரும் கண்ணீரோடு எழுந்தபோது, அண்ணன் என் காதில் சொன்னார்: "பிரசங்கம் கேட்டு ஒருத்தன் விசுவாசி ஆனத நான் கண்டதில்ல மக்கா. பக்கத்துல இருக்க ஆளு கண்ணத் தொடச்சத கண்டு ஆனவங்க உண்டு." ஞாயிறு ஆராதனையை ஒரு வாரமும் விடாத மனிதர் சொன்னது இது.

என் மகள் அனகாவுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மனைவி இருந்தாள். பெருங்கடவிளைப் பக்கம் பத்ரகாளி கோயில் உற்சவத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்ததால் நான் வேலைக்கு வந்திருந்தேன். அதுவரை நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. வீராப்பு ஒன்றும் இல்லை. கேட்டு, இல்லை என்று ஆகிவிட்டால் பிறகு எங்கே போவது என்ற பயம்.

அங்கே வெடி வழிபாடு விசேஷம். கவுண்டரில் பெயரும் நட்சத்திரமும் கொடுத்தால் மைக்கில் சொல்லிவிட்டு ஒரு வெடி போடுவார்கள். சீட்டை வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டியதால் அன்று அண்ணன்தான் வாசித்தார். நான் மரத்தின் மேல் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். காதுக்குப் பக்கத்தில் கோளாம்பி சொன்னது: "ரேவதி நட்சத்திரம், அனகா, வெடி வழிபாடு ஒன்று."

வெடிச் சத்தத்தில் விழாமல் எப்படி இறங்கினேனோ தெரியாது. "அண்ணா, அது யாரு?"

"உனக்க மோளுதான். நான்தான் சீட்டு எழுதிச்சேன்."

"அவ பூரம் ஆக்கும்!"

"எலே, எங்க வீட்டுல நட்சத்திரம் ஏது? கவுண்டர்ல கேட்டான். எனக்கு முன்னால நின்ன பொம்பள ரேவதின்னு சொன்னா. நானும் அதையே சொல்லிட்டேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "தேவி ரேவதியில பிறந்த வேற ஏதாவது அனகாவ சுகமாக்கிட்டா என்ன செய்வேன் அண்ணா?"

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "ஆக்கட்டும் டே. அந்தப் பிள்ளைக்கும் எங்கயோ உன்ன மாதிரி ஒரு அப்பன் காணும்."

பிறகு எழுந்து போய், பூரம் என்று இன்னொரு சீட்டு எழுதி வந்து வாசித்தார். சர்ச்சுக்காரர் கோயிலில் வழிபாடு கழிக்கலாமா என்று கேட்டேன். "எனக்க கர்த்தர்கிட்ட ஞாயிறாழ்ச்சயே கேட்டாச்சு. உனக்க சாமிகிட்ட கேக்க உனக்கு வாய் வரல்ல. அதுக்குத்தானே மைக் செட்டுக்காரன்" என்றார். அன்றுதான் நான் நடைக்கு முன்னால் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே எனக்காக நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அனகா பிழைத்தாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். "அச்சா, அது ஆன்டிபயாட்டிக்" என்கிறாள். இருக்கலாம். எனக்கு மருந்தின் பெயர் வாயில் நுழையவில்லை, அண்ணன் பெயர் நுழைகிறது.

அடக்கத்துக்குச் செட் கட்டியது நான்தான். போதகர் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். இருபது வருடமாக மற்றவர்களுக்கு மைக்கைச் சரிசெய்து கொடுத்தவன், அதன் முன்னால் நின்று "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கோயிலில் அதே வழிபாட்டுக் கவுண்டருக்குப் போயிருந்தேன். நட்சத்திரம் என்ன என்று கேட்டார்கள். ரேவதி என்றேன். அதை மேரி அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. எங்கேயோ ரேவதியில் பிறந்த வேறொரு ஞானசிகாமணி இந்நேரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். குடிக்கட்டும் அண்ணா. அவருக்கும் மரம் ஏற ஒருத்தன் காணும்.