சிவகாசியிலிருந்து ஒற்றை சைக்கிள்

தீபாவளி முடிந்து எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு விடுமுறை. எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். போக ஊரில்லாத நான், வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வேம்பார்க் கடலைப் பார்க்கக் கிளம்பினேன்.

இன்று காலை விளாத்திகுளம் தாண்டி ஒரு கிராமம். காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்திருந்தது. கிணற்றடியில் நின்ற ஓர் அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"எங்கன இருந்து வாறீக?"

"சிவகாசி" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்த குடம் நழுவி விழுந்தது. ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம் மகளுக்கு என்னய்யா ஆச்சு? எதுன்னாலும் சொல்லிருங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்த பெண்தான் சொன்னார்: "இவுக மக சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில வெடி வேலைக்குப் போகுது. அங்க இன்னும் லீவு விடல. நல்லது சொல்ல ரெண்டு பேராத்தான் வருவாக. ஒத்தையா சைக்கிள்ல வந்தா சாவுத் துட்டி சொல்லத்தான?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. நான் கடல் பாக்கப் போறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மறுபடி இறைத்து என் கையில் ஊற்றினார்.

"கடல் பாக்கவா? கூட வர ஒரு ஆளு இல்லையா உங்களுக்கு?"

வாய் நிறையத் தண்ணீர் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் எனக்கு ஏதாவது ஆனால், துட்டி சொல்ல சைக்கிளை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்?

இதைப் படிக்கிற உங்களில் யாராவது எனக்காக உங்கள் ஊர்ப் பேரைக் கம்பெனியில் கொடுத்து வையுங்களேன்.