பக்கத்து சீட்டுக்காரரின் வேலை

பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவர் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். கார் மட்டுமா? மாடிப்படி வேகமாக ஏறுவது, பால் கேன் தூக்குவது, வாய்விட்டுச் சிரிப்பது, எல்லாமே நின்றுபோனது. கையில் ஒரு வாட்ச் கட்டியிருப்பார். அதில் நாடித்துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். நூறைத் தாண்டினால் போதும், சோபாவில் போய்ச் சாய்ந்துவிடுவார்.

அமெரிக்காவில் இருந்தாலும் எங்கள் டாக்டர் நம்மூர்க்காரர்தான். "நடங்க, ஓடுங்க, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவார்.

"அவர் ஈஸியா சொல்லிடுவாரு. நெஞ்சு என்னுது இல்ல?" என்பார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடைப்புக்கு மாற்றுவழி போட்டுவிட்டார்கள், பயத்துக்கு யார் போடுவது? இந்த மனுஷன் இப்படியே சோபாவில் உட்கார்ந்து மீதி ஆயுளை ஓட்டிவிடுவாரோ என்று எனக்குத்தான் நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது.

கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்க அம்மாள் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருடைய கராஜில் நூறு வயதைத் தாண்டிய ரேஸ் கார் ஒன்று நிற்கிறது. கூரை கிடையாது, கதவு கிடையாது, பெல்ட் கிடையாது. இரண்டு சீட்டும் ஒரு பெரிய இன்ஜினும்தான் வண்டியே. நான் படித்தது மெக்கானிக்கல். பிழைப்பதோ மில்பிடாஸில் சிப் டெஸ்டிங். கைக்கு எண்ணெய் வாசம் வேண்டியிருந்தது. சனிக்கிழமையானால் அந்த கராஜுக்குப் போய்விடுவேன்.

அந்தக் காலத்தில் ரேஸ் ஓட்டத் தனி மைதானமெல்லாம் இல்லையாம். ஊர் ரோட்டையே அடைத்து, ஓரத்தில் வைக்கோல் கட்டு அடுக்கி, நாய் மாடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு ஓட்டுவார்களாம். தேர் ஓடுகிற அன்றைக்கு வீதியை அடைப்பது மாதிரிதான். அதன் நினைவாக வருஷத்துக்கு ஒரு நாள் இங்கே ஒரு மலைரோட்டை மூடிப் பழைய கார்களை ஒவ்வொன்றாக ஏற விடுகிறார்கள்.

அந்த வருஷம் டீச்சருக்குத் தோள்பட்டையில் வலி. ஸ்டியரிங்கை வளைக்க முடியவில்லை. "நீ ஓட்டு" என்றார். ஸ்டியரிங் வலது பக்கம். கோயம்புத்தூரில் ஓட்டிப் பழகிய எனக்கு அது வெல்லமாக இருந்தது. ஆனால் அந்த வண்டிக்கு இன்னோர் ஆளும் வேண்டும். இடது சீட்டில் உட்கார்ந்து கைப்பம்ப் அடிக்கிற ஆள். டேங்கில் காற்றழுத்தம் இருந்தால்தான் பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும். அழுத்தம் இறங்கினால் வண்டி படுத்துவிடும்.

"என் வீட்டுக்காரர் வருவார்" என்று அவரைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன்.

வீட்டில் ரகளை. காலேஜில் படிக்கும் மகள் போனிலேயே, "அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஹி ஜஸ்ட் ஹேட் சர்ஜரி!" என்று கத்தினாள். இவர் வாட்சைப் பார்த்தார்.

"பம்ப் அடிக்கிறதெல்லாம் என்னால ஆகாதும்மா."

"நீங்க ஒண்ணும் அடிக்க வேணாம். கிளம்புறதுக்கு முன்னாடி நானே ஃபுல்லா அடிச்சு வெச்சிடுறேன். சின்ன மலைதான். நீங்க சும்மா உக்காருங்க, போதும்."

அதுதான் என் திட்டம். பிள்ளையார் மாதிரி உட்கார வைத்தாவது அவரை மலை ஏற்றிவிட வேண்டும். ஒரு தடவை மேலே போய்விட்டு வந்தால் மனசு கொஞ்சம் தைரியப்படாதா?

அன்றைக்குக் காலையில் நல்ல வெயில். வரிசையில் எங்கள் முறை வந்தது. கை ஓயும்வரை பம்ப் அடித்து அழுத்தத்தை ஏற்றினேன். இன்ஜினும் கிளம்பிவிட்டது. கொடி பிடித்தவர் கோட்டுக்கு வரச் சொல்லி சைகை காட்டினார். வண்டியை ஒரு முழம் நகர்த்தியிருப்பேன், சொத் சொத்தென்று நாலு சத்தம்.

பின்னாலிருந்து விசில். சிவப்புக் கொடி. "இன்ஜினை நிறுத்து!"

நான் முன்பக்கம் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கீழே இறங்கி, துணிப்பையிலிருந்து எடுத்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார் மகராசன்! அதுவும் எங்கள் பின்கட்டு மரத்துப் பழம். இந்த ஊர் எலுமிச்சை ஆரஞ்சு சைசுக்கு இருக்கும், ஒன்றைப் பிழிந்தால் வீட்டுக்கே ஜூஸ் போடலாம். சரிவான ரோடு. சாறு நாலு கோடாகக் கீழே ஓடியது. எதையாவது ஒழுகவிடும் வண்டிக்கு அங்கே ரோட்டில் இடமில்லை. வண்டிகளைச் சோதிக்கும் ஆரஞ்சு சட்டைக்காரர் ஒருவர் வண்டிக்கடியில் படுத்து, ஈரத்தை விரலில் தொட்டு, முகர்ந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

"பூசணிக்காயை ஏன் விட்டீங்க? அதையும் நடு ரோட்ல ஒடச்சிருக்கலாமே!" என்று பல்லைக் கடித்தேன்.

"புது எடத்துக்குப் போறோம். பழம் வெக்காம எப்படி?" என்றார் பாவமாக.

கழுவி, பொடி தூவி, பெருக்கி முடிப்பதற்குள் பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துச் சிரித்தன. டீச்சர்தான் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். மானம் கப்பலேறியது. அவசரத்தில் மறுபடி இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டேன். இத்தனை நேரமும் டேங்கின் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் இன்ஜின் இருமியது. அழுத்தம் காட்டும் முள் கீழே கிடந்தது. செங்குத்தான ஏற்றம். பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"அடிங்க!" என்று கத்தினேன்.

அவர் ஒரு கையால் இன்னொரு கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி தள்ளாடியது. "என்னங்க, அடிங்க, நின்னுடும்!"

நின்றால்தான் என்ன என்று அவர் விட்டிருக்கலாம். நிற்பதில் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தார். பம்பைப் பிடித்தார். முதலில் குழந்தைக்குத் தட்டிக்கொடுப்பதுபோல ஒன்று. பிறகு ஒன்று. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க, அடி அடியென்று அடித்தார். முள் எழுந்தது. இன்ஜின் உறுமியது. "போ! போ! ஏன் ஸ்லோ பண்ற?" என்று அவர் கத்தியது என் காதில் விழுந்தது. முப்பது வருஷக் கல்யாணத்தில் என்னை வேகமாகப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உச்சியில் வண்டியை நிறுத்தியதும் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மூச்சு வாங்க, வேர்வை வழிய, அவர் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இனி சோபாதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்சை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நூத்தி நாப்பது! பாத்தியா? என்னா ஓட்டம் ஓடியிருக்கு பாரு! ஒண்ணும் ஆகலடி எனக்கு!"

பரீட்சையில் மார்க் வாங்கிய பையன் மாதிரி அங்கிருந்த எல்லோரிடமும் அதைக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய்க் கையாலேயே துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கரி.

"அழுவாத, கிளம்பு" என்றார். "மத்தியானம் இன்னொரு ரன் இருக்காமே. இந்தத் தடவை நீ அடிச்சு வெக்க வேணாம். எல்லாம் நானே அடிச்சுக்கிறேன்."