மாமா நம்பிய ஒதுக்கீடு

லண்டன் ரெய்னர்ஸ் லேனில், கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்து ரோல்ஸும் தேநீரும் பரிமாறிக்கொண்டிருந்த நேரம் மாமா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கோட்டின் பொத்தானைப் பூட்டிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அது அவருடைய உத்தியோகப் பழக்கம். அம்மாவின் தமையனான அவர், கொழும்பில் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தோடு மல்லுக்கட்டும் பிரிவொன்றில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, மகளோடு வாழ லண்டனுக்கு வந்தவர்.

அன்றைய பேச்சு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றியது. ஊரில் சிறுநீரகம் பழுதானவர்கள் இரத்தம் சுத்திகரிக்கும் டயலிசிஸுக்காக விடியுமுன் பஸ் ஏறி அடுத்த மாவட்டத்துக்குப் போய்வந்தார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். லண்டனுக்கு வரச் சொன்னால், "அந்தக் குளிருக்கை என்னாலை ஏலாது" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். லண்டனில் உள்ள எங்கள் ஊர்ச்சங்கம் டயலிசிஸ் இயந்திரங்கள் வாங்கப் பணம் சேர்த்து முடித்திருந்தது. அனுப்புவது ஒன்றுதான் பாக்கி.

மாமா வேண்டாம் என்றார். அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் பிரிவு கட்ட நிதி ஒதுக்கியிருந்தார்கள். "நாங்கள் மெசினைக் குடுத்தால், வெளிநாட்டுக்காரர் குடுத்திட்டினம்தானே எண்டு அந்த ஒதுக்கீட்டை வெட்டிப்போடுவாங்கள். பிறகு கட்டடமும் வராது, தாதிமாரையும் போடமாட்டாங்கள். மெசின் பொலித்தீனோடை மூலையிலை கிடக்கும். அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை அரசாங்கம் செய்யட்டும். கொஞ்சம் பொறுங்கோ."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. உதவியாக வந்த எத்தனையோ இயந்திரங்கள் இயக்க ஆளில்லாமல் துருப்பிடித்ததை அவர் கண்ணால் கண்டவர். சங்கத்தின் செயலாளர் அண்ணை தலையாட்டினார். மண்டபம் கைதட்டியது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவரும், "அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும். அவருக்குத் தெரியாத பட்ஜெட்டே?" என்றார்.

ஒதுக்குவது வேறு, விடுவிப்பது வேறு என்பது மாமாவுக்குத் தெரியாததல்ல. பாராளுமன்றம் நிறைவேற்றும் தொகை வெறும் அனுமதி. வரி எதிர்பார்த்தபடி வராவிட்டால், கடனுக்கு வட்டியும் சம்பளமும் போக, முதல் வெட்டு விழுவது கட்டடங்களுக்குத்தான். கட்டப்படாத கட்டடம் வேலைநிறுத்தம் செய்யாது. வருடக் கடைசியில் 'நிதி இல்லை' என்று எழுதிக் கோப்புகளைத் திருப்பி அனுப்புவதே மாமாவின் வேலையாக இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "பார்லிமென்ற் ஒதுக்கும், விடுறது நாங்கள்" என்று கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவர் எப்படி நம்பினார்? தன் ஊரின் பெயரை அச்சில் கண்டதும் மனம் இளகியிருக்கும். வெட்டி வெட்டியே ஓய்வு பெற்றவருக்கு, ஒன்றாவது நடக்கட்டும் என்ற ஆசை வந்திருக்கும். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு மேல் ஒரு கல்லும் ஏறவில்லை. அடுத்த ஆண்டும் அதே ஒதுக்கீடு அச்சாகியது. பிறகு டொலர் தட்டுப்பாடு வந்தது. ஏற்றுமதியில் வருவது இறக்குமதிக்குப் போதாமல் கடனில் ஓடிய நாட்டுக்குக் கடன் கொடுக்கவும் ஆளில்லாமல் போனது. எரிபொருள் கப்பல்கள் காசுக்காகத் துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்றன. செயலாளர் அண்ணை இனியாவது மெசினை வாங்குவோம் என்று ஓடித்திரிந்தார். அனுப்பினாலும் அதற்கு வேண்டிய மருந்து கிடைக்காது என்று ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டார்கள். டீசல் இல்லாமல் பஸ் நின்றது. அம்மாவுக்கு ஒரு தவணை தவறியது, பிறகு இன்னொன்று. கடைசியாகப் பேசியபோது மூச்சு வாங்கியபடி, "அண்ணையோடை கோவிக்காதை, பிள்ளை" என்றார். அந்த வாரம் முடியுமுன் போய்விட்டார்.

சங்கத்தின் பணத்தில் பின்னர் ஊர்க் கோயிலுக்குத் தெருவின் குறுக்கே ஒரு அலங்கார வளைவு கட்டினார்கள். பெருநாளுக்குப் பல நிறங்களில் மின்னுகிறதாம். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போகும் பஸ் அதன் கீழால்தான் போகிறது.

நான் இங்கே ஒரு உள்ளூராட்சிக் கவுன்சிலின் நிதிப் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்களும் வெட்டுகிறோம். போன மாதம்கூட முதியோர் நிலையம் ஒன்றை மூடினோம். ஆனால் மூடுகிறோம் என்று சொல்லித்தான் மூடுகிறோம். ஊரிலோ திறக்கிறோம், திறக்கிறோம் என்று சொல்லியே சனத்தைச் சாகவிடுகிறார்கள். இதெல்லாம் எப்போதாவது மாறும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கொழும்பில் இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட நாளில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கைபேசியில் அமைச்சரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கடை ஆஸ்பத்திரிக்குக் காசு போட்டிருக்கிறாங்களே, மாமா?"

"ஓம். போட்டிருக்கிறாங்கள்."

அவரைத் திட்டவும் எனக்கு வரவில்லை, தேற்றவும் மனம் வரவில்லை. அவர் கைபேசியை நிறுத்தினார்.

"நான் வேலையிலை இருக்கேக்கை எத்தினை ஆஸ்பத்திரிக் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பன், பிள்ளை. அதாலை ஆர் செத்தது எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு ஒரேயொரு பேர்தான் தெரியும். அது என்ரை தங்கச்சியின்ரை பேர்."