பாவு காய்வதற்குள்

காலை ஆறு பத்துக்கு அம்மா வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தாள். நான் முதலில் பார்த்தது அவள் தலைமுடியை. நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த புடவையும் முழுக்க நனைந்திருந்தது. உடுத்திய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே பொருள்தான். சாவுச் செய்தி வந்திருக்கிறது.

அன்று எங்கள் வீட்டுப் பாவு. தறியில் ஏற்ற வேண்டிய பட்டிழைகளை விடிவதற்குள் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஒட்டிய இழைகளைக் கோல் கொண்டு பிரித்துவிட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். நடுவில் கைவிட்டால் கஞ்சி காய்ந்து இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பாவு எதற்கும் ஆகாது. அக்கம்பக்கத்தார் எட்டுப் பேர் உதவிக்கு வந்திருந்தார்கள். கஞ்சி தெளித்தாகிவிட்டது.

அம்மாவைப் பார்த்ததும் எட்டுப் பேரும் கையை எடுத்துவிட்டார்கள். சாவுத்தீட்டு உள்ள வீட்டின் பாவை யாரும் தொடுவதில்லை.

எதிர்வீட்டுப் பெரியப்பாதான் கேட்டார். "இன்னாம்மா, யாரு பூட்டது?"

"கதை எழுதுவாங்களே, அந்தம்மா. பேப்பர்ல வந்துகிது."

பேப்பரில் வந்ததை அவளுக்குப் படித்துச் சொன்னது நான். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன். மூன்றாம் வகுப்போடு தறிவேலைக்கு வந்துவிட்ட அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் வாராவாரம் அந்த எழுத்தாளரின் தொடர்கதையை நான் சத்தமாகப் படிக்க, அவள் ராட்டை சுற்றிக்கொண்டே கேட்பாள். புருஷன் விட்டுப்போன பெண்கள், பதில் வராத கடிதங்கள். எனக்கு எதுவும் பிடிபடாது. சில இடங்களில் ராட்டையை நிறுத்திவிட்டு, அந்த வரியை மறுபடி படி என்பாள். நிறுத்திக் கேட்கும்படி அதில் என்ன இருந்தது என்று தெரியாமலே மறுபடி படிப்பேன்.

பெரியம்மா, அதாவது அந்தப் பெரியப்பாவின் மனைவி, அம்மாவிடம் நெருங்கி வந்து கேட்டாள். "அந்தம்மா உனக்கு இன்னா மொறை ஆவுது?"

"ஒரு மொறையும் இல்லக்கா."

"உன் மாமியா போன அன்னிக்கே நீ மத்தியானம்தான் தலைக்கு ஊத்திகின."

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. பங்காளி என்றால் இத்தனை நாள், பெண் எடுத்த வீடு என்றால் இத்தனை நாள் என்று தீட்டுக்கு வரிசை உண்டு. முறையே இல்லாத ஒருத்திக்கு எத்தனை நாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் பாவைத் தொட மாட்டேன் என்றார். தொடலாம் என்று இருவர் சொன்னார்கள். ஆனால் அவர்களும் தொடவில்லை. வெயில் எதிர்வீட்டு மாடிச்சுவரைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பா பாவின் மறுமுனையிலிருந்து நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"யாரும் சாவலன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பாவு காயுது."

அம்மா பாவைப் பார்த்தாள். அது அவளும் அப்பாவும் சேர்ந்து இழையெடுத்த பாவு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரும் சாவல" என்றாள்.

எனக்கு அது தாங்கவில்லை. அச்சில் வந்த ஒன்றை எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? உள்ளே ஓடிப் பேப்பரை எடுத்துவந்தேன். பள்ளியில் ஒப்பிப்பதுபோல் நேராக நின்று, நாவலாசிரியர் நேற்று மாலை காலமானார் என்பதில் தொடங்கி, உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது வரை எட்டு வரியையும் படித்தேன்.

"அது தப்பா படிக்குது. அதுக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் அம்மா. அப்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருடம் பள்ளியில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியது நான்தான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா என்னைப் பார்த்தாள். அம்மாவின் ஈரத்தலையைப் பார்த்தாள். பிறகு கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, "பசங்க சொல்றத கேட்டுகினு நிக்கிறீங்களே. ஜல்தியா புடிங்க" என்றாள். முதலில் அவள் தொட்டாள். பெரியப்பா அவளை முறைத்துவிட்டு அடுத்த கோலைப் பிடித்தார்.

ஏழே காலுக்குப் பாவைச் சுருட்டி முடித்தார்கள். யாரும் சாகவில்லை என்று சொன்ன அம்மா மட்டும் கடைசிவரை பாவைத் தொடவில்லை. ஈரப் புடவையோடு வாசற்படியிலேயே நின்றிருந்தாள். வா, வந்து பிடி என்று அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் உள்ளே போய் அந்த எட்டு வரியையும் இன்னும் மூன்று முறை படித்தேன். ஓர் எழுத்துகூடத் தவறாகப் படித்திருக்கவில்லை. பிறகு ஏன் அம்மா அப்படிச் சொன்னாள் என்று நாள் முழுக்க அவள்மேல் கோபமாக இருந்தேன்.

மத்தியானம் பெரியம்மா தூக்குச்சட்டியில் சோறும் ரசமும் கொண்டுவந்தாள். அம்மாவின் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. காஸ் தீர்ந்துபோய்விட்டது, அதனால்தான் அம்மா சமைக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சிலிண்டர் முந்தின நாள்தான் வந்திருந்தது.