பக்கத்துக் கதிரையில் இருந்த அனுமதி

பல்கலைக்கழகத்தின் பல துறைகள் பங்கிட்டுப் பயன்படுத்தும் எங்கள் கிளஸ்டர் கணினியில், ஆய்வுக் கணக்குகளை ஓட்டும் நோட்புக் மென்பொருள் அன்று காலையிலிருந்து ஒரே பல்லவியைப் பாடியது: "அனுமதி மறுக்கப்பட்டது." ஹந்தானைத் தோட்டங்களில் எடுத்த தேயிலை நோய்ப் படங்களின் ஆய்வு முடிவுக் கோப்பில் என் திருத்தங்களைச் சேமிக்க விடவில்லை. பின்னேரம் பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும்.

மூடித் திறந்தேன். பல்லைக் கடித்தேன். எரிச்சல் தலைக்கேற, இணையத்தில் கண்ட கட்டளையொன்றை அடித்து, என் கணக்கிலுள்ள அத்தனையையும் யாரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டேன். வெளியேறித் திரும்ப நுழையப் போனால், இப்போது என்னையே உள்ளே விடவில்லை!

கிளஸ்டரைப் பராமரிக்கும் புசல்லாவைக்காரரிடம் தொலைபேசியில் பொரிந்து தள்ளினேன்.

"எல்லாருக்கும் தொறந்து போட்டா, யாரும் மாத்தியிருக்கலாம்னு உங்க லொகின் கீயையே கிளஸ்டர் நம்பாதுங்க மிஸ்," என்றார். அதைச் சரிசெய்துவிட்டு, "அந்த ரிசல்ட் ஃபைல் பஸ்லியா மிஸ் பேர்ல இருக்கு. அவங்கதான் அனுமதி குடுக்கணும். கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. ஆய்வறைக்குக் காலையில் முதலில் வருபவர் எல்லோருக்குமாக நோட்புக்கை ஓடவிடுவது எங்கள் வழக்கம். அன்று முதலில் வந்தவள் என் சக ஆய்வு மாணவி பஸ்லியா. அதனால் கோப்பு அவள் பெயரில் உருவாகியிருந்தது. அவளோ பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள்.

"பஸ்லியா, அந்த ஃபைலை எனக்கும் திறந்து விடுறீரோ?"

ஒரு நொடியில் திறந்துவிட்டாள். "இதுக்கா கீபோர்டப் போட்டு அந்த அடி அடிச்சீங்க? என்னோட ஏதோ கோவம்னு நெனச்சி, காலையிலிருந்து பேசாம இருந்தேன்."

இப்போதும் சில நாட்களில் அந்த 'அனுமதி மறுக்கப்பட்டது' திரையில் வருகிறது. நான் முதலில் பஸ்லியாவின் பக்கம் கதிரையைத் திருப்புகிறேன்.