மரவிமானம் செய்த தச்சர்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம் சிலாபத்தில் ஒரு சேவைக் கழகத்தின் மதிய விருந்து. எதிரியை ஏமாற்றக் கண்டக்குழிக் கரையில் மரவிமானங்களை நிறுத்திவைத்த கதையை ஒரு துரை பெருமையாகச் சொன்னார். மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். அவற்றைச் செய்த தச்சர் இரவல் கோட்டுடன் என் அருகில் இருந்தார். சாப்பிடாமல், மேசை விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

பேச்சு முடிந்ததும் என்னிடம் திரும்பினார்.

"துரையிட்டக் கேளுங்க ஐயா. குண்டு எங்கட ஊருல விழட்டும் எண்டுதானே அத அங்க வெச்சது? சனம் இருந்தாத்தான் அவன் நம்புவான் எண்டோ எங்கள அங்கேயே விட்டது?"

"விருந்துக்கு நன்றி சொல்கிறார்," என்று துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். துரை சிரித்து அவர் தோளில் தட்டினார்.

பெருவிரல் நின்றது.

"நான் கேட்டது சிரிக்கிற கதையில்லையே, ஐயா."

அவருடைய விமானங்களை எதிரி நம்பினானோ, தெரியாது. என்னை அவர் ஒரு கணமும் நம்பவில்லை.