திண்டிவனத்திலிருந்து வந்த பதில்

நம் சபையாருக்கு ஜெயமணி எழுதுகிறேன். தபாலாபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறவள் என்றால் சிலருக்குத் தெரியும். 1966-ஆம் வருஷம் என் மனம் உடைந்து, வாழவே வேண்டாம் என்கிற இடம் வரை போனேன். ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்டார். இதைச் சொல்ல இரண்டு வருஷம் வெட்கப்பட்டேன். இனி வெட்கப்படுவதாக இல்லை.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே காலமானார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அம்மாவும் 1965 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போய்விட்டாள். ஜனவரியில் செஞ்சிக்கு மாற்றல் வந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு ஜைனக் குடும்பத்தின் வீட்டில் பின்பக்கத்து அறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார பத்மாவதியம்மாள் முதல் நாளே, "எங்க கூடவே சாப்டும்மா. நாங்க பொழுது சாயறதுக்கு முன்னாடியே சாப்டுடுவோம்" என்றார். நான் கூச்சப்பட்டு வேண்டாம் என்றேன். அவரும் பிறகு வற்புறுத்தவில்லை.

காலை எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை எக்ஸ்சேஞ்சின் இணைப்புப் பலகை முன்னால் நான் ஒருத்திதான். ஊரில் போன் வைத்திருக்கிற யாராவது கைப்பிடியைச் சுற்றினால் பலகையில் மணி அடிக்கும். எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டு இணைப்புக் கொடுக்க வேண்டும். வெளியூர் என்றால் திண்டிவனம் ஆபரேட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். நாள் முழுக்கக் காதில் பேச்சுதான். கல்யாணம் பேசுவார்கள். மல்லாட்டை என்று இங்கே சொல்கிற நிலக்கடலையின் விலை பேசுவார்கள். அதில் ஒரு பேச்சும் எனக்கானது இல்லை. ஊராருக்கு நான் எக்ஸ்சேஞ்ச். திண்டிவனத்து ஆபரேட்டருக்கு நான் செஞ்சி, எனக்கு அவள் திண்டிவனம். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் எங்கள் வேலையில் வழக்கம்.

ஏப்ரலில் ஒரு நாள், ஒரு பெண் வெளியூரில் இருக்கிற தன் தம்பிக்குப் போன் செய்தாள். அம்மா போய்விட்டாள் என்று சொன்னாள். பிறகு இரண்டு பேரும் பேசவில்லை, அழுதார்கள். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் காதில் குழாயோடு உட்கார்ந்திருந்தேன். என் அம்மா செத்தபோது அப்படிச் சேர்ந்து அழ எனக்கு ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. மணி அடிக்காதபோதும் அடிக்கிற மாதிரி இருக்கும். நம்பரை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ரைஸ்மில் முதலாளி ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டு, "இன்னாம்மா, ஆளு இங்க இருக்குது, மனசு எங்க இருக்குது?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. நான் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பலகைக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு வருவேன். கடைசி ஜெபத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவேன். உங்களைக் குறை சொல்லவில்லை. எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டுவிட்டால் அழுதுவிடுவேனே என்று பயம். விசுவாசி இப்படி அழலாமா என்றும் ஒரு வைராக்கியம்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, ஆராதனையிலிருந்து அப்படியே ராணிக்கோட்டை மலைப் படியேறினேன். பாதி வழியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தேன். கீழே ஊர் சின்னதாகத் தெரிந்தது. நான் இறங்கிப் போகாவிட்டால் யார் தேடுவார்கள் என்று யோசித்தேன். திங்கட்கிழமை காலை லைன் கிடைக்காதவர்கள் தேடுவார்கள். வேறு ஒரு முகமும் மனதில் வரவில்லை. அந்த நினைப்பு எங்கே கொண்டுபோகிறது என்று புரிந்ததும் பயந்துபோனேன்.

அங்கேயே முழங்காலில் நின்றேன். நீளமாக ஜெபிக்கத் தெம்பில்லை. "ஆண்டவரே, யாராவது ஒரு ஆள் என்கிட்ட பேசணும். ஒரே ஒரு ஆள்" என்றேன். அவ்வளவுதான். வெயிலில் இறங்கி வந்தேன்.

திங்கள் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாயும் இல்லை. ஆண்டவருக்கும் லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று கசப்பாக நினைத்தேன். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஒரு வெளியூர் அழைப்புக்காகத் திண்டிவனத்தைக் கூப்பிட்டேன். அவள் எடுத்தாள்.

"இன்னா செஞ்சி, நம்பரச் சொல்லு."

வாயைப் பொத்திக்கொண்டு விம்மினேன்.

"செஞ்சி? அழுவறியா?"

அவளை எனக்குப் பிடிக்காது. வெடுக்கென்று பேசுகிறவள். ஆனால் அன்று அவள் லைனை வெட்டவில்லை. "உன் பேரு இன்னா?" என்று கேட்டாள்.

"ஜெயமணி."

"நான் சரோஜா. ஜெயமணி, காலையில சாப்டியா?"

"இல்ல."

"நேத்து?"

நேற்று சாப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை. அதையே சொன்னேன். "ஞாயித்துக்கிழம வர்றேன். எங்கயும் போவாத" என்றாள். பிறகு நம்பரைக் கேட்டு வாங்கி இணைப்புக் கொடுத்தாள்.

சும்மா சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்கி, எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறைய விபூதி. பை நிறைய இட்லி. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், மண்டபத்தில் நினைத்தது உட்பட. அவள் அதிர்ந்துபோகவில்லை. முதல் குழந்தை தவறியபோது தானும் அப்படி இருந்ததாகச் சொன்னாள். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் மருந்து கொடுத்துச் சரியாக்கினாராம்.

"மனசு நோவுக்கும் டாக்டர் இருக்காரு. நாளைக்குப் போலாம். நான் லீவு சொல்லிட்டு வந்துக்கிறேன்."

"நான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"பண்ணு. யாரு வேணாங்கறா? பஸ்ல குந்திக்கினு பண்ணு."

பல மாதங்களுக்குப் பிறகு அன்று சிரித்தேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. ஒரு ஆளைக் கேட்டேன். அந்த ஆள் என் எதிரில் பாத்திரம் கழுவ எழுந்துகொண்டிருந்தாள். நம் சபையாரில் ஒருவர்தான் வருவார் என்று நானாக ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். ஆண்டவர் அப்படி ஒன்றும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை போஸ்ட்மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார் என்று பயந்தேன். அவர், "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று பத்து நாள் லீவுக்குக் கையெழுத்துப் போட்டார். பாண்டிச்சேரி டாக்டர் மாத்திரை எழுதினார். "யாரோடு சாப்பிடுகிறீர்கள்?" என்றும் கேட்டார். தனியாக என்றேன். அதை முதலில் மாற்றுங்கள் என்றார். ஊர் திரும்பியதும் பத்மாவதியம்மாளிடம் போய், நானும் வரலாமா என்று கேட்டேன். "ஜனவரியிலயே கூப்ட்டனே" என்று எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

ஒரே நாளில் குணமானேன் என்று சொன்னால் அது பொய். ஏழெட்டு மாதம் ஆயிற்று. மாத்திரையையும் ஜெபத்தையும் இரண்டையும் விடவில்லை. மத்தியானம் பத்து நிமிஷம் பலகையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டு வர போஸ்ட்மாஸ்டர் ஏற்பாடு செய்தார். போன வருஷம் சரோஜா வேலூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். திண்டிவனம் லைனில் இப்போது வேறு குரல். சில சாயங்காலங்களில் தனிமை மறுபடி வந்து பக்கத்தில் உட்காருகிறது. ஆனால் நான் அதை மறைப்பதில்லை. பத்மாவதியம்மாளிடம் சொல்கிறேன், சரோஜாவுக்குக் கடிதம் போடுகிறேன், முழங்காலில் நின்று ஆண்டவரிடமும் சொல்கிறேன். அவருக்கே எல்லா மகிமையும்.

உங்களில் யாருக்காவது இரவெல்லாம் தூக்கமில்லாமல், காரணம் தெரியாமல் அழுகை வந்தால், அதை அவிசுவாசம் என்று எண்ணி மறைக்காதீர்கள். ஜெபியுங்கள். டாக்டரிடமும் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் கூட வர நான் இருக்கிறேன். இந்த ஞாயிற்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசல் வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பேன். காரணம் சொல்ல வேண்டாம். வந்து பக்கத்தில் உட்காருங்கள், போதும்.